மாறும் மாறிலி

பீங்கான் என்றால் வீட்டிலே ஊறுகாய் ஜாடி. தெருவிலே மின்சாரக் கம்பத்தின் உச்சியில் கவிழ்த்து வைத்த வெள்ளைக் கிண்ணம். இரண்டுக்கும் சுபாவம் ஒன்றுதான். எலுமிச்சையின் புளிப்பும் உப்பும் ஜாடியை ஒன்றும் செய்வதில்லை. கம்பியில் ஓடும் மின்சாரம் கிண்ணத்தைத் தாண்டிக் கம்பத்துக்கு இறங்குவதில்லை. எதிலும் ஒட்டாமல், எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற சந்நியாசி என்று பீங்கானைச் சொல்லிவிடலாம்.

அந்தச் சந்நியாசம் வெறும் வேஷம் என்று கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். முழுக்கக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூற்றெண்பது வருஷங்கள் ஆயின. கதையிலே மனிதர்களைக் கண்டாலே நடுங்கும் ஒரு கோடீஸ்வரர் வருகிறார். புத்தகம் பைண்டு செய்யக் கற்றுக்கொண்ட ஒரு பையன் வருகிறான். சம்பளம் வாங்க மறுத்த ஒரு கல்கத்தா வாத்தியார் வருகிறார். கட்டிய மனைவிக்காகப் பிறந்த நாட்டைத் துறந்த ஒரு ஜெர்மானியர் வருகிறார். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படிப்பட்ட பாத்திரங்கள் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் விஞ்ஞானம் என் துறை இல்லாவிட்டாலும் இந்தக் கதை என்னை விடவில்லை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களுக்குள் மின்சாரத் துகள்கள் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓடும். பீங்கான், கண்ணாடி, மெழுகு, அரக்கு இவற்றிலே அந்த மாடுகள் தறியில் கட்டியிருக்கின்றன. ஓட முடியாது. ஆனால், எதிரே புல்லுக்கட்டைக் காட்டினால் கயிறு இழுபடும் அளவுக்குக் கழுத்தை நீட்டும். எல்லா மாடுகளும் ஒரே திசையில் கழுத்தை நீட்டுவதனால், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அந்தப் பொருளை வைத்தால், வெற்றிடமாக இருந்தபோது தகடுகள் ஏற்றுக்கொண்டதைவிட அதிக மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளும். எத்தனை மடங்கு அதிகம் என்பதுதான் அந்தப் பொருளின் எண். சாதாரணப் பீங்கானுக்குச் சுமார் 6. அலுமினா என்ற வெள்ளைப் பீங்கானுக்கு 9, 10. இந்த எண்ணுக்குப் பாடப் புத்தகங்களில் ‘மின்காப்பு மாறிலி’ என்று பெயர். மாறிலி என்றால் மாறாதது. இந்தப் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1745, 1746-ஆம் வருஷங்களில் ஜெர்மனியில் கிளைஸ்ட் என்பவரும் ஹாலந்தில் லைடன் நகரத்து முஷன்ப்ரூக் என்பவரும் கண்ணாடிப் பாத்திரத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்று தனித்தனியே கண்டார்கள். ஐரோப்பா முழுவதும் பிரபுக்களும் சீமாட்டிகளும் கைகோத்து நின்று அதன் அதிர்ச்சியை அனுபவித்து ஆனந்தப்பட்டார்கள். ஆனால், கண்ணாடிக்கு அதிலே என்ன வேலை என்று அளந்து பார்க்க ஒரு விசித்திரமான மனுஷர் வேண்டியிருந்தது.

அவர்தான் ஹென்றி காவண்டிஷ். லண்டனில் வாழ்ந்தவர். இரண்டு பிரபு வம்சங்களின் பேரன். இங்கிலாந்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். பெண்களைக் கண்டால் அவருக்குப் பயம். ஆண்களைக் கண்டால் கூச்சம். வேலைக்காரியிடம் வாயைத் திறந்து பேசமாட்டார். என்ன சமைக்க வேண்டும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜைமேல் வைத்துவிடுவார். இப்படிப்பட்டவர் 1770-களில் தம் வீட்டிலே கண்ணாடி, அரக்கு, தேன்மெழுகு ஆகியவற்றைத் தகடுகளாகச் செய்து, இரு பக்கமும் ஈயத் தகடு ஒட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று அளந்தார். வெறும் கனத்தை வைத்துப் போட்ட கணக்கைவிடப் பல மடங்கு அதிகமாகக் கண்ணாடி ஏற்றுக்கொண்டது. பொருளுக்குப் பொருள் அது வித்தியாசப்படவும் செய்தது.

உலகத்தில் யாரும் கண்டிராத விஷயம். காவண்டிஷ் அதை அழகாக எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அதோடு சரி. 1810-இல் அவர் காலமானார். காகிதங்கள் பெட்டியிலேயே இருந்தன.

இனி, பைண்டு செய்த பையன். கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகக் கடையில் தொழில் பழகி, பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே 1837-இல் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்டார். பெட்டியில் தூங்கும் பதிலைப்பற்றி அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஒன்றுக்கொன்று அச்சாக இரண்டு பித்தளை உருண்டைகள் செய்வித்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன உருண்டை, நடுவிலே காலியிடம். ஒன்றில் மின்சாரம் ஏற்றி மற்றதைத் தொட வைத்தால் இரண்டும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்ளும். பிறகு ஒன்றின் காலியிடத்தில் பாதியளவுக்கு அரக்கை வார்த்தார். பங்கு மாறிப் போயிற்று. அரக்கு இருந்த உருண்டை அதிகமாக எடுத்துக்கொண்டது.

பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், அந்தக் காலத்துப் பெரிய மூளைகளெல்லாம் மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தை எட்ட நின்றே இழுக்கிறது, நடுவில் இருப்பது வெறும் வேடிக்கை பார்க்கிறது என்று நம்பியிருந்தன. நடுவில் இருப்பதுதான் சங்கதியே என்றார் ஃபாரடே. அப்படி நடுவிலே இருக்கும் பொருளுக்கு டைஎலெக்ட்ரிக் என்ற பெயரை அவருக்கு யோசித்துக் கொடுத்தவர் கேம்ப்ரிட்ஜ் பண்டிதர் ஹ்யூவெல்.

ஃபாரடே கணக்கு அறியாதவர். அவர் மனத்தில் இருந்ததைக் கணக்கு மொழியில் எழுத ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வந்தார். 1865-இல் வெளியான அவருடைய சித்தாந்தப்படி ஒளி என்பதே ஒரு மின்சார அலை. அது உண்மையானால் ஒரு பரீட்சை உண்டு. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் நமது மாறிலி வர வேண்டும். 1873-இல் தம் பெரிய புத்தகத்தை மாக்ஸ்வெல் எழுதும்போது நம்பகமாக அளந்த பொருள் பாரபின் மெழுகு ஒன்றுதான் என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டார். மெழுகின் எண் 1.975, அதன் வர்க்கமூலம் 1.405. ஒளியை வைத்துப் பார்த்தால் 1.422. கிட்டத்தட்டச் சரிதான். ஆனாலும் மாக்ஸ்வெல் கையைத் தட்டிக் குதிக்கவில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் அளந்தவர் பிழையாக இருக்க முடியாது, பொருள்களின் அமைப்பைப்பற்றி நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். தம் சித்தாந்தத்துக்குச் சாதகமான எண்ணையே சந்தேகப்பட்ட அந்த நேர்மை எனக்கு அவருடைய சூத்திரங்களைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த மாக்ஸ்வெல்தான் காவண்டிஷின் பெட்டியையும் திறந்தார். கேம்ப்ரிட்ஜில் காவண்டிஷ் பெயரால் அமைந்த ஆராய்ச்சிசாலைக்கு அவரே முதல் பேராசிரியர். தம் கடைசி வருஷங்களில் சொந்த ஆராய்ச்சியைக்கூட ஒதுக்கி வைத்து, கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து, 1879-இல் புத்தகமாகப் பதிப்பித்தார். அதே வருஷம் நவம்பரில் அவரும் போய்விட்டார், வயது 48. நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் அளந்து ஒளித்து வைத்ததை, சாகப்போகிற இன்னொருவர் வெளியே கொண்டுவந்தார்.

இதற்குள் தண்ணீர் வம்பு செய்ய ஆரம்பித்தது. ஒளியை வைத்துப் பார்த்தால் தண்ணீரின் எண் 1.33; அதன் வர்க்கம் 1.77. தகடுகளுக்கு நடுவே தண்ணீரை வைத்து நேராக அளந்தாலோ ஏறக்குறைய 80! இரண்டும் பொய்யில்லை. ஒரே தண்ணீர், இரண்டு சத்தியங்கள். மாக்ஸ்வெல் தோற்றுவிட்டாரா?

தோற்கவில்லை. இரண்டு அளவுகளுக்கும் நடுவே உள்ள வேகத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தகடுகளில் மின்சாரம் நிதானமாகத் திசை மாறுகிறது. ஒளியிலோ விநாடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி தடவை மாறுகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இருந்த பெரிய இருட்டறைக்கு 1887, 1888-இல் ஹெர்ட்ஸ் கதவு திறந்தார். கையால் உண்டாக்கிய மின்னலைகள் பிறந்தன. அவை மீட்டர்க் கணக்கில் நீளமானவை.

அந்த இருட்டறையின் மறுகோடிக்கு விளக்கேற்றிக்கொண்டு போனவர் நம் தேசத்தார். கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் ஜகதீச சந்திர போஸ், வெள்ளைக்கார ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்ததற்காக மூன்று வருஷம் சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தியவர். 1895-ஐ ஒட்டி, 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளைத் தம் கருவிகளில் பிறப்பித்தார். விநாடிக்கு 6,000 கோடி அதிர்வு! கந்தகத்தையும் கண்ணாடியையும் அரை உருளைகளாகச் செய்து, அலை அவற்றுக்குள் எவ்வளவு வளைகிறது என்று அளந்தார். ஒளிக்கு ஒன்றரையை ஒட்டி இருக்கும் கண்ணாடியின் எண், அவருடைய அலைகளுக்கு 2-க்குச் சற்று மேலே நின்றது. லண்டன் ராயல் சொஸைட்டி அந்தக் கட்டுரைகளை வெளியிட்டது. 1897-இல் ஃபாரடே பேசிய அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போஸ் பேசினார். அலைகளை வடிகட்ட அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே ஈயத் தகடு செருகியது! அந்த நாள் ரயில்வே கைடு அதற்கு முன்போ பின்போ இவ்வளவு உயர்ந்த காரியத்துக்குப் பயன்பட்டிருக்காது.

ஜெர்மனியில் ட்ரூடே என்பவர் அதே வருஷங்களில் சுமார் 75 சென்டிமீட்டர் அலைகளைக் கொண்டு தண்ணீரையும் சாராய வகைகளையும் பரிசோதித்தார். அந்த வேகத்தில் சாராயத்தின் எண் சரிய ஆரம்பித்ததைக் கண்டார். ஏன் சரிகிறது என்று 1913-இல் விளக்கியவர் டிபை என்ற டச்சுக்காரர். பின்னால் ரஸாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்.

மறுபடி கட்டுத்தறிக்கு வருவோம். புல்லுக்கட்டை இடமும் வலமும் நிதானமாக ஆட்டினால் கிழ எருமைகூட முகத்தைத் திருப்பும். வேகமாக ஆட்டினால் எருமை சலித்து நின்றுவிடும். கன்றுக்குட்டிகள் மட்டும் திரும்பும். மின்னல் வேகத்தில் ஆட்டினால் கன்றும் நின்று, மேலே மொய்க்கிற ஈக்கள் மட்டும் பறக்கும். தண்ணீரின் அணுக்கூட்டங்கள் எருமைகள். சாதாரண வெப்பத்தில் விநாடிக்கு சுமார் 1,700 கோடி ஆட்டம் வரும்போது அவை களைத்துப்போகின்றன; 80 ஆக இருந்த எண் 5-ஐ நோக்கி விழுகிறது. ஒளியின் வேகத்தில் எலெக்ட்ரான் என்னும் ஈக்கள்தான் மிச்சம்: 1.77. தண்ணீர் பொய் சொல்லவில்லை. கேட்ட வேகத்துக்குத் தகுந்த பதிலைச் சொல்லிற்று. மாறிலி என்று பெயர் வைத்தவர்கள்தாம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. எருமை பாதி திரும்பியும் திரும்பாமலும் தடுமாறும்போது உடம்பு சூடேறுகிறது அல்லவா? அதுபோல ஒவ்வொரு பொருளும் மின்சாரத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் தரகு எடுத்துக்கொள்கிறது. அந்தத் தரகு சூடாக மாறுகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் விநாடிக்கு 245 கோடி தடவை ஆட்டும்போது சாம்பார் கொதிப்பதும், அதை வைத்த பீங்கான் கிண்ணம் தன்னளவில் அதிகம் சூடேறாமல் இருப்பதும் இந்தத் தரகு வித்தியாசத்தால்தான். ஆகவே, ஒரு பொருளின் ஜாதகம் கணிக்க ஒவ்வொரு வேகத்துக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: எவ்வளவு கொள்ளும், எவ்வளவு தின்னும்.

அந்த ஜாதகங்களை மொத்தமாகக் கணித்தவர்தான் கடைசிப் பாத்திரம். ஆர்தர் வான் ஹிப்பல் 1898-இல் ஜெர்மனியில் ராஸ்டாக் நகரில் பிறந்தவர். கோட்டிங்கனில் பௌதிகம் படித்தார். 1930-இல் டாக்மார் என்ற பெண்ணை மணந்தார். டாக்மாரின் தகப்பனார் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஃப்ராங்க், யூதர். 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், யூதர்களை வேலையிலிருந்து விரட்டுவதைக் கண்டித்து மாமனார் பகிரங்கமாக ராஜிநாமா செய்தார். மாப்பிள்ளை யூதர் அல்ல. மனைவியைத் தள்ளி வைத்துவிட்டுப் பதவியில் சௌக்கியமாக இருந்தவர்களும் அந்த நாட்டில் உண்டு. வான் ஹிப்பல் மனைவியோடு புறப்பட்டார். இஸ்தான்புல்லில் கொஞ்ச காலம். கோபன்ஹேகனில் போர் என்ற மேதையிடம் கொஞ்ச காலம். 1936-இல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

பின்னே யுத்தம் வந்தது. 1940-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மாக்னெட்ரான் குழாய், 10 சென்டிமீட்டர் ரேடார் அலைகளைப் பலமாக வீசிற்று. அலை விமானத்தின் மூக்கைத் தாண்டி வெளியே போக வேண்டும். கம்பிகளுக்கு உறை வேண்டும். குழாய்களுக்கு ஜன்னல் வேண்டும். எந்தப் பொருள் அந்த வேகத்தில் எவ்வளவு தின்னும்? யாரிடமும் பட்டியல் இல்லை. மின்சாரத்தைச் சேமிக்கும் கண்டென்ஸர்களுக்கு வேண்டிய நல்ல அபிரகமோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போக வேண்டும்: பீகாரின் கோடர்மாவிலிருந்து, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிலிருந்து. கடலிலே நீர்மூழ்கிகள்.

அபிரகத்துக்கு மாற்றாகப் பீங்கானைத் தேடினார்கள். டைட்டானியம் சேர்ந்த பீங்கான் 100 வரை எட்டிற்று. அதோடு பேரியம் சேர்த்துச் சூளையில் வைத்தபோது எண் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! யுத்த வருஷங்களில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்று நாடுகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இந்த பேரியம் டைட்டனேட்டைக் கண்டன. அந்த ஆயிரம் எதனால் வருகிறது என்று துருவிப் பார்த்தவர்களில் வான் ஹிப்பலின் குழு முன்னணியில் நின்றது. கேட்கும் வேகம் விநாடிக்குச் சில நூறு கோடிகளை எட்டியதும் அந்த ஆயிரமும் சரிகிறது என்றும் கண்டார்கள்.

அளப்பது எப்படி? வேகம் குறைவாக இருந்தால் தராசு மாதிரி ஒரு மின்சாரச் சுற்றில் வைத்து, தெரிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். மைக்ரோவேவ் வேகத்தில் அது நடக்காது. அங்கே வான் ஹிப்பலும் ராபர்ட்ஸ் என்பவரும் 1946-இல் வெளியிட்ட முறை அழகானது. தூணில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ஆட்டினால் கயிற்றில் சில இடங்கள் துள்ளும், சில இடங்கள் அசையாமல் நிற்கும். அதே மாதிரி, ஒரு பக்கம் மூடிய உலோகக் குழாய்க்குள் அலையை அனுப்பினால் அது திரும்பி வந்து, துள்ளும் இடமும் அசையாத இடமுமாக நிலைத்து நிற்கும். மூடிய முனையில் பீங்கான் வில்லையைப் பொருத்தினால் அசையாத இடம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து முதல் எண். அசையாத இடம் எவ்வளவு மங்கிற்று என்பதிலிருந்து தரகு எண்.

கேட்கச் சுலபம். ஆனால், வில்லைக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் எல்லாம் கெட்டது. தகடுகளுக்கு நடுவே வைக்கும் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வில்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் 1,000 என்றால், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்று அந்த வில்லை முழுவதற்கும் சமம். அந்த இத்தனூண்டு சந்து இருந்தால் 1,000 என்பது 500 ஆகத் தெரியும். ஆகவே, வில்லையின் முகத்தில் வெள்ளியைப் பூசிச் சூளையில் சுட்டு, சந்தே இல்லாமல் செய்த பிறகுதான் அளப்பார்கள்.

கலவைகள் வந்தால் இன்னும் வேடிக்கை. 1,000 எண் உள்ள பீங்கான் பொடியையும் 2.5 எண் உள்ள பிளாஸ்டிக்கையும் சரிபாதி கலந்தால் சராசரி 500 வரும் என்று நினைப்போம். 1904-இல் ஒருவர் எழுதிய சூத்திரப்படி சுமார் 10-தான் வரும். நிஜத்தில் சற்றுக் கூடலாம். ஒவ்வொரு பொடியையும் பிளாஸ்டிக் சூழ்ந்துகொண்டு, மின்சார இழுப்பையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது. பாலில் தண்ணீர் கலக்கிறவரின் கணக்கு இங்கே செல்லாது. அந்தச் சூத்திரக்காரர் பெயர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கார்னெட். மாக்ஸ்வெல்லிடம் உதவியாளராக இருந்த கார்னெட், மறைந்த குருவின் பெயரைத் தம் பிள்ளைக்கு வைத்திருந்தார். அந்தப் பிள்ளை இந்த வேலைக்கே வந்து சேர்ந்தது.

மெதுவாகக் கேட்டால் கலவை இன்னொரு மாயமும் செய்யும். பொடிகளின் எல்லைகளில் கசியும் மின்சாரம் தேங்கி, எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். வேகத்தைக் கூட்டினால் தேக்கம் முதலில் விலகும். அடுத்து எருமைகள், பிறகு கன்றுகள். எந்த வேகத்தில் யார் நின்றார்கள் என்று ஆஜர் எடுத்தால், அந்தக் கலவைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதே தெரிந்துவிடும். ரேடியோ வேகத்திலிருந்து மைக்ரோவேவ் வரை வரிசையாக அளப்பதன் அவசியம் இதுதான். ஒரு வேகத்து எண் ஒரு முகம். எல்லா வேகத்து எண்களும் சேர்ந்தால்தான் ஆள்.

வான் ஹிப்பல் அப்படித்தான் அளந்தார். நூற்றுக்கணக்கான பீங்கான்கள், கண்ணாடிகள், பிளாஸ்டிக்குகள், மெழுகுகள், எண்ணெய்கள். விநாடிக்கு 100 ஆட்டத்திலிருந்து 1,000 கோடி வரை. யுத்த காலத்தில் ரகசியமாகக் கைமாறிய அந்தப் பட்டியல்கள் 1954-இல் எல்லோரும் வாங்கக்கூடிய புத்தகத்தில் வந்தன. அறிவைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதை அவர் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய மாமனார் ஃப்ராங்க், ஜப்பான்மீது முன்னறிவிப்பின்றி அணுகுண்டை வீச வேண்டாம் என்று 1945 ஜூனில் அமெரிக்க அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். அந்த அறிக்கை பெட்டிக்குள்ளேயே போயிற்று. மருமகனின் பட்டியல்கள் உலகம் முழுவதும் போயின. வான் ஹிப்பல் 2003-ஆம் வருஷத்தின் கடைசி நாளில், 105 வயதில் காலமானார். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிற கைபேசிக்குள் கடுகுக்கும் சிறிய பேரியம் டைட்டனேட் கண்டென்ஸர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

நிபுணர்கள் இப்போது ‘மாறிலி’ என்ற சொல்லை மெல்லக் கைவிட்டு வருகிறார்கள். ‘விடுதிறன்’ என்று சொல்லி, எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். அது நல்ல பழக்கம். நான் கதைகளில் படைக்கிற மனிதர்களைப்பற்றிக்கூட, நல்லவன், கெட்டவன் என்று ஒற்றை எண் போட்டு முடிப்பதற்கு முன்னால், அவனை எந்த வேகத்தில் ஆட்டிப் பார்த்தோம் என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.